பாட்டுப் பாடி, விளையாடி, பேசிப் பழகும் இங்கிலீஷ்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், மாலை நேரப் படிப்பு மையத்தைக் கவனிக்கும் கல்விக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜூன் மாசம் வந்தால் நம்ம குழுக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். உள்கடன் கேட்கிறவர்கள் வரிசையாகச் சொல்லுவாங்க: "பிள்ளை பீஸ் கட்டணும்." மாடு வாங்கக் கேட்ட கடன் பின்னால் போய்விடும், வீட்டு ஓடு மாத்தக் கேட்ட கடனும் பின்னால் போய்விடும். பக்கத்து ஊரிலேயே அரசுப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கேயும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. அப்புறம் ஏன் வட்டிக்கு வாங்கி பீஸ் கட்டுகிறோம் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எம் பிள்ளை நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசணும்."

ஆசை நியாயமானதுதான். இங்கிலீஷ் தெரியாததால் பேங்கிலும், ஆஸ்பத்திரியிலும், ஆபீசிலும் நாம் கைகட்டி நின்றிருக்கிறோம். பிள்ளைகளும் அப்படி நிற்கக் கூடாது என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் கடன் வாங்கிச் சேர்த்த பிள்ளை பேசுகிறதா? அதையும் நாம் பார்க்கணும். ஏ முதல் இசட் வரை எழுதுகிறது, ஸ்பெல்லிங் ஒப்பிக்கிறது. "உன் பேர் என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டால் மனப்பாடமாய்ப் பதில் வருகிறது. "சாப்பிட்டியா?" என்று கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறது. பெண் பிள்ளைகள் கேட்கவே வேண்டாம், துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நிற்கும்.

பேச்சு வருவதற்கு என்ன வழி, நம்மைப் போன்ற தாய்மார்கள் காசில்லாமல் வீட்டிலும் தெருவிலும் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லத்தான் இன்று நேரம் கேட்டோம்.

நமக்குத் தெரியாதா என்ன?

முதலில் ஒன்று சொல்கிறோம். "எனக்கு இங்கிலீஷ் சுத்தமா தெரியாது" என்று இங்கே யாரும் சொல்ல வேண்டாம். லோன், பாஸ்புக், செக், மேனேஜர், மீட்டிங், லீடர், டியூ, கையெழுத்துக்குச் சைன், ஆதார், ஓடிபி. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? போர்டில் எழுதிப் போட்டா படித்தோம்? பேங்க் வாசலில் காதில் விழுந்தது. அந்த வார்த்தை சொன்னால்தான் வேலை நடக்கும் என்று தெரிந்தது. சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

நம்ம பாட்டிமார்களும் அப்படித்தான். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று சொல்கிறோமே, இவை போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள். கப்பலில் வந்தவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு ஊர் ஜனம் பிடித்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் பிடித்துக்கொண்டார்கள். மொழி முதலில் காது வழியாகத்தான் உள்ளே வருகிறது. பிறகு வாய், அதற்குப் பிறகு கண், கடைசியில்தான் கை.

கைக்குழந்தையைப் பாருங்கள். சுமார் ஒரு வருஷம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. "நிலா எங்கே?" என்றால் கை காட்டும், ஆனால் நிலா என்று சொல்ல வராது. அதற்காக நாம் திட்டுகிறோமா? உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

நம்ம குழுக் கணக்கும் அதேதான். குழு ஆரம்பித்த அன்றைக்கே பேங்க் கடன் கொடுப்பதில்லை. மாசாமாசம் சேமித்து, தரம் பார்த்த பிறகுதானே கடன்? காதில் சேர்வது சேமிப்பு, வாயில் வருவது கடன். சேமிப்பே இல்லாத பிள்ளையிடம் "பேசு, பேசு" என்றால் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

ஏன் எழுத்தில் ஆரம்பித்தால் பயம் வருகிறது?

தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். இங்கிலீஷ் அப்படி இல்லை. சி யூ டி என்றால் கட், பி யூ டி என்றால் புட். நடுவில் அதே யூதான், ஆனால் ஒலி மாறிவிட்டது. ஆறு வயசுப் பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்? வார்த்தையைக் காதால் நன்றாகப் பழகின பிள்ளைக்கு ஸ்பெல்லிங் ஒரு வேடிக்கை. பழகாத பிள்ளைக்கோ அது அடி வாங்குகிற விஷயம்.

இன்னொரு சங்கதி. இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நம்ம எழுத்தில் "பின்" என்று எழுதினால் அது குத்துகிற பின்னா, குப்பைத் தொட்டியைச் சொல்லும் பின்னா? இரண்டுக்கும் ஒரே 'பி'தான். உதட்டில் வரும்போது வித்தியாசம் உண்டு. ஒன்றில் காற்று வெடித்து வரும், இன்னொன்றில் தொண்டை அதிரும். இதை எழுதிக் காட்டினால் பிடிபடாது, கேட்டுத்தான் பிடிக்க முடியும்.

வெளிநாட்டில் ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்கும் விதம்

இது நம்ம ஊர்க் கஷ்டம் மட்டுமில்லை. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் என்ற மொழியைப் பல பள்ளிக்கூடங்களில் இரண்டாம் மொழியாகச் சொல்லித் தருகிறார்கள். கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1960-களில் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார். ஆசிரியர் புது மொழியில் "எழுந்திரு" என்று சொல்லி எழுந்து காட்டுவார், பிள்ளைகளும் எழுவார்கள். "நட", "நில்", "கதவைத் தொடு" என்று ஒவ்வொன்றாக வளரும். பிள்ளை பேசியே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை, உடம்பால் பதில் சொன்னால் போதும். கேட்டதும் செய்வதுமாய்ச் சேரும்போது வார்த்தை மனசில் நிற்கிறது, பயமும் வருவதில்லை என்பது அவருடைய கருத்து.

அதே கலிபோர்னியாவில் பிளெய்ன் ரே என்ற ஸ்பானிஷ் ஆசிரியர் இதோடு கதையைச் சேர்த்தார். வகுப்புப் பிள்ளைகளையே கதையில் நடிக்க விட்டு, ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு ஸ்பானிஷ் பேச வைத்தார். அந்த முறை இன்றைக்குப் பல நாடுகளில் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்பானிஷ் எழுதுகிறபடியே பெரும்பாலும் படிக்கிற மொழி. அதன் உயிர் ஒலிகள் ஐந்துதான். நம்ம மேசைக்கு அங்கேயும் மேசாதான்! அவ்வளவு நேரான மொழியையே இந்த ஆசிரியர்கள் எழுத்தில் ஆரம்பிக்கவில்லை, கேட்பதிலும் செய்வதிலும்தான் ஆரம்பித்தார்கள். எழுத்து ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் இழுக்கிற இங்கிலீஷை நாம் ஸ்பெல்லிங்கில் ஆரம்பித்தால் பிள்ளை மிரளாமல் என்ன செய்யும்?

நம்ம மாநிலத்திலும் இந்த எண்ணம் புதிதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. 2022-ல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் தமிழ், கணக்கோடு இங்கிலீஷும் ஆடல் பாடல் கதை வழியாகத்தான். ஆகவே டீச்சர் பாட்டுப் பாடினால் "படிப்பு நடக்கலை, விளையாட்டுதான் நடக்குது" என்று வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். அதுதான் படிப்பு.

பாட்டு

பாட்டில் ஒரு வசதி உண்டு. தனியாகச் சொல்ல வெட்கப்படும் பிள்ளை கூட்டத்தோடு பாடும். தப்பாகப் பாடினாலும் யாருக்கும் தெரியாது. தாளம் இருப்பதால் அடுத்த வார்த்தை தானாக வந்து விழும்.

பாட்டுக்குப் புத்தகம் தேட வேண்டாம். நமக்குக் கும்மி தெரியாதா? நம்ம அடுப்படிச் சாமானை வைத்து நாங்கள் கட்டின ஒன்று இது. கை தட்டிப் பாருங்கள்:

ரெட் ரெட் டொமேட்டோ,
க்ரீன் க்ரீன் சில்லி,
வொயிட் வொயிட் ராடிஷ்,
எல்லோ எல்லோ லெமன்!

பாடும்போது தக்காளி, பச்சை மிளகாய், முள்ளங்கி, எலுமிச்சம்பழம் நாலும் நடுவில் இருக்கணும். பேர் வரும்போது பிள்ளை அதை எடுத்துக் காட்டணும். பொருளைக் காட்டாமல் பாடினால் வெறும் சத்தம்தான் மிஞ்சும், அர்த்தம் உள்ளே போகாது. ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். அடுத்த வாரம் காயை மாத்துங்கள், மெட்டு அப்படியே இருக்கட்டும். உடம்பு உறுப்பு, ஆடு மாடு, கிழமை, ஒன்று முதல் இருபது, எல்லாம் இந்தக் கும்மிக்குள் அடங்கும்.

விளையாட்டு

விளையாட்டில் வார்த்தை சொன்னால்தான் ஆட்டம் நகரும். பேங்கில் நாம் கற்ற மாதிரியேதான். எங்கள் மையத்தில் நன்றாக நடக்கிற நாலு விளையாட்டைச் சொல்கிறோம்.

முதலாவது, ப்ளீஸ் விளையாட்டு. ஒரு அக்கா நின்று "சிட் டவுன் ப்ளீஸ்", "ஜம்ப் ப்ளீஸ்", "டச் யுவர் நோஸ் ப்ளீஸ்" என்று சொல்லுவாங்க, பிள்ளைகள் செய்யணும். ப்ளீஸ் சொல்லாமல் "ஜம்ப்" என்றால் செய்யக் கூடாது. செய்தவர் அவுட், அடுத்த முறை அவர்தான் கட்டளை சொல்லணும். அவுட் ஆனவருக்குத்தான் பேச வாய்ப்பு, அதனால் யாரும் அழுவதில்லை. பழகினதும் "புட் தி ஸ்டோன் ஆன் யுவர் ஹெட் ப்ளீஸ்" என்று புதுசு புதுசாகச் சேருங்கள். பிள்ளைகள் சிரித்து உருளும். சிரிக்கிறார்கள் என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, பை விளையாட்டு. மஞ்சள் பைக்குள் கரண்டி, சீப்பு, சாவி, எலுமிச்சம்பழம் ஏதாவது ஒன்றை மறைத்து வையுங்கள். பிள்ளை கையை விட்டுத் தடவிப் பார்த்து "இஸ் இட் எ ஸ்பூன்?" என்று கேட்கணும். மற்றவர்கள் "நோ" என்பார்கள். "இஸ் இட் எ கீ?" "யெஸ்!" ஒரே வாக்கியம் இருபது தடவை வருகிறது, ஆனால் ஒருவருக்கும் சலிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே தெரியாதே!

மூன்றாவது, பாண்டி. கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நிறமோ படமோ போடுங்கள். கல் விழுந்த கட்டத்தின் பேரை இங்கிலீஷில் சொல்லிவிட்டுத்தான் நொண்டி தாண்டணும்.

நாலாவது, கடை விளையாட்டு. இது நமக்கு அத்துப்படி. சந்தையில் கடை போட்டவர்கள்தானே நாம்? புளியங்கொட்டைதான் காசு. "ஹவ் மச்?" "டென் ருபீஸ்." "கிவ் மீ டூ டொமேட்டோஸ்." "தேங்க் யூ." இரண்டு மாசம் விளையாடிய பிள்ளை எண்ணையும் கற்கும், மரியாதையையும் கற்கும், பாக்கிச் சில்லறை எண்ணவும் கற்கும்.

பேச்சு

பேச வைப்பதற்குப் படிக்கட்டு மாதிரி நாலு படி இருக்கிறது. முதல் படி, கை காட்டுவது: "வேர் இஸ் தி கோட்?" என்றால் ஆட்டைக் காட்டினால் போதும். இரண்டாம் படி, யெஸ் அல்லது நோ: "இஸ் திஸ் எ கோட்?" மூன்றாம் படி, இரண்டில் ஒன்று: "கோட் ஆர் கவ்?" பதில் கேள்வியிலேயே இருப்பதால் பிள்ளைக்குத் தைரியம் வரும். நாலாம் படியில்தான் "வாட் இஸ் திஸ்?" என்ற கேள்வி. நாம் பெரும்பாலும் நாலாம் படியில்தான் பிள்ளையைத் தூக்கி நிறுத்துகிறோம். விழாமல் என்ன செய்யும்?

வீட்டில் தினம் நாலு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் "குட் மார்னிங், கெட் அப்." குளிக்க "கோ அண்ட் பாத்." சாப்பிட "கம் அண்ட் ஈட்." படுக்க "குட் நைட்." தினமும் அதே நேரம், அதே வாக்கியம். ஒரு மாசம் கழித்து இன்னும் நாலு சேர்க்கலாம்.

பிள்ளை தப்பாகச் சொன்னால் "தப்பு!" என்று வெட்டாதீர்கள். "ஐ கோ கோயில் எஸ்டர்டே" என்றால், "ஓ, யூ வென்ட் டு தி டெம்பிள் எஸ்டர்டே?" என்று சரியானதைத் திருப்பிக் கேளுங்கள். பிள்ளை தலையாட்டும், அதன் காதில் சரியான வாக்கியம் விழுந்துவிட்டது. நமக்கே சரியானது தெரியவில்லையா? சிரித்துக்கொண்டே விட்டுவிடுங்கள், மறுநாள் டீச்சரிடமோ மையத்தில் உள்ள அக்காவிடமோ கேட்டுக்கொள்ளலாம். சிரிப்பு பிள்ளையைப் பார்த்து இருக்கக் கூடாது, பிள்ளையோடு சேர்ந்து இருக்கணும்.

செய்யக் கூடாதவை

வந்த விருந்தாளி முன்னால் நிறுத்தி "இங்கிலீஷ் பேசிக் காட்டு" என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். முப்பது நாளில் சரளமாய்ப் பேசலாம் என்று நோட்டீஸ் வந்தால், முப்பது நாளில் வந்த நம்ம கடன் தள்ளுபடி வதந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, இங்கிலீஷுக்காகத் தமிழை விடச் சொல்லாதீர்கள். 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்டமும், 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் கூடியவரை பிள்ளையின் வீட்டு மொழியில்தான் பாடம் நடக்கணும் என்கின்றன. தமிழில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைதான் இன்னொரு மொழியிலும் கதை சொல்லும். "மழை ஏன் பெய்யுது?" என்று தமிழில் யோசிக்காத பிள்ளைக்கு இங்கிலீஷில் கேள்வியே பிறக்காது. ராத்திரி கதை தமிழிலேயே இருக்கட்டும், அதைக் குறைக்காதீர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் என்ன செய்வது?

பிள்ளையை டீச்சர் ஆக்குங்கள். "இன்னிக்கு என்ன பாட்டு? அம்மாவுக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குத்தான் பாடம் நன்றாக நிற்கும். நாம் தப்பாகச் சொன்னால் பிள்ளை திருத்தும்போது அதன் முகத்தைப் பாருங்கள், அந்தப் பெருமை எந்த டியூஷனிலும் கிடைக்காது.

ஒலிக்கு, போன் இருக்கிறது. 2018 முதல் வந்த பாடப் புத்தகங்களில் சதுரமாய்ப் புள்ளி புள்ளியாக ஒரு கட்டம் இருக்கும், கியூஆர் கோடு என்பார்கள். பிள்ளையின் புத்தகத்தில் அது இருந்தால் டீச்சரிடம் கேட்டு, போனில் திறக்கப் பழகுங்கள். போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போகக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாடணும்.

ஊரில் பன்னிரண்டாவது முடித்த, காலேஜ் படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது அப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான் மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அந்த அனுபவம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவை மறக்காதீர்கள். 2009 சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தப் பாதி நாம்தான். கையெழுத்துப் போட மட்டும் போகாமல், "இந்த மாசம் பிள்ளைகள் என்ன பாட்டு பாடினாங்க, எத்தனை பேர் வாய் திறந்தாங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நாம் எடுக்க வேண்டிய தீர்மானம்

சகோதரிகளே, செலவு என்று பார்த்தால் ஒரு மஞ்சள் பை, கொஞ்சம் புளியங்கொட்டை, வீட்டில் இருக்கிற காய்கறி, சாக்பீஸ். நேரம் முக்கால் மணி: வணக்கம் சொல்ல ஐந்து நிமிஷம், பாட்டு பத்து, விளையாட்டு பதினைந்து, கதையும் பேச்சும் பத்து, விடைபெற ஐந்து. வாரத்தில் மூன்று நாள் போதும்.

எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது உங்கள் முடிவு, அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் "இங்கிலீஷ் பேசணும்" என்ற ஒரே காரணத்துக்காகக் கடன் மனு எழுதும் முன் இந்த வழியை ஒரு வருஷம் செய்து பாருங்கள். பீஸ் கட்டிவிட்டால் பேச்சு வந்துவிடாது. கேட்கவும், விளையாடவும், பயமில்லாமல் தப்பு செய்யவும் இடம் கிடைத்த பிள்ளைதான் பேசும். அந்த இடத்தை நம்மால் தர முடியும்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த இடத்தில், எந்த நாட்களில், யார் பொறுப்பு. எழுதின நகலைக் கூட்டமைப்புக்குக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் எங்கள் கல்விக் குழுவிலிருந்து ஆள் வந்து கூடவே நின்று நடத்திக் காட்டுகிறோம்.

இப்போது எல்லோரும் எழுந்து நின்று அந்தக் கும்மியை ஒரு தடவை பாடிவிட்டுப் போகலாம். வெட்கப்படாதீங்க. நாம் வெட்கப்பட்டால் பிள்ளையும் வெட்கப்படும்.